அக்கா வைத்த நேர்த்தியும் இங்கெர் தந்த குளிசையும்

இந்த நாட்டில் "என்ன சாப்பிட்டாய்?" என்று என்னைக் கேட்கும் ஒரே ஆள் இங்கெர். நோர்வேயின் மேற்குக் கரையில், வருடத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டுகிற ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். மழையைப் பற்றிக் கேட்பார், பனியைப் பற்றிக் கேட்பார், காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றியாயிற்றா என்று கேட்பார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். அது அடுத்தவனின் சொந்த விடயம். ஆனால் இங்கெர் கிழமைக்கொரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, நான் கீரை சாப்பிட்டேனா, எவ்வளவு சாப்பிட்டேன், போன கிழமை சாப்பிட்ட அதே அளவுதானா என்று துருவித் துருவி விசாரிப்பாள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வன்னியை விட்டு வந்தபிறகு என் வயிற்றைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஆள் வேறில்லை. பிறகுதான் விளங்கியது, அது அவளுடைய உத்தியோகம். இங்கெர் ஒரு தாதி.

சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் என் இதய வால்வு ஒன்றைப் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அது தெரியாமலே எங்கள் ஊர் துணுக்காயில் வயலுக்குள் இறங்கி, பந்தடித்து, பிறகு அகதியாக ஓடிவந்து, இங்கே மீன் தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஐம்பது கழிந்த ஒருநாள் மாடிப்படி பாதியில் மூச்சு நின்றது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். உலோகத்தைக் கண்டால் இரத்தம் அதன்மேல் உறைந்து கட்டியாகப் பார்க்குமாம். ஆகவே இரத்தத்தை இளக்கிவைக்க ஆயுள் முழுக்கக் குளிசை. குளிசை கூடினால் இரத்தம் வரத் தொடங்கியபின் நிற்காது. குறைந்தால் வால்வு அடைத்து ஆள் முடிந்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் இருக்கிறது. கிழமைக்கொரு தடவை விரலில் குத்தி, கைக்குள் அடங்கும் மெசின் ஒன்றில் ஒரு சொட்டு விட்டு, அது காட்டுகிற எண்ணை இங்கெருக்கு அனுப்பவேண்டும். பச்சை இலை சாப்பிட்டால் குளிசையின் வேகம் குறையும். சாப்பிடக்கூடாது என்றில்லை, எந்நாளும் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். நோர்வே ஆட்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அவர்கள் பிறந்த நாளிலிருந்து ஒரே பாணும் ஒரே சீஸும்தான்.

எனக்குத்தான் கஷ்டம். ஒருமுறை தமிழ்க் கடையில் முருங்கையிலை வந்திருந்தது. சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நேர்மையாக இங்கெரிடம் சொன்னேன்.

"அது என்ன மரக்கறி?" என்றாள்.

"மரத்தின் இலை."

குரலைத் தாழ்த்தி, "நீ மரத்தின் இலையைச் சாப்பிட்டாயா? வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். பிரச்சினை இல்லை, அது நல்ல ருசி என்று விளக்கினேன். எத்தனை கிராம் என்றாள். ஒரு பிடி என்றேன். யாருடைய பிடி என்றாள். கடைசியில் 'ஸ்பினாத் கீரை, கொஞ்சம்' என்று எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது.

இன்னொரு சங்கடம், அந்த வால்வு சத்தம் போடும். டிக், டிக் என்று கைக்கடிகாரம்போல. நோர்வேயில் அமைதி அதிகம் என்பதால் எல்லாருக்கும் கேட்கும். நூலகத்தில் ஒருமுறை எதிரே இருந்த பெரியவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார், பிறகு எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார். என் நிறத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் அவர் என்ன கணக்குப் போட்டாரோ தெரியாது. வன்னியில் இந்தக் கரைச்சல் கிடையாது. அங்கே காகம், உழவு இயந்திரம், கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் மேலால் என் அக்கா இருக்கிறாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்குத் தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். என்னைக் கையில் பிடித்து வளர்த்தவள் அவள்தான். துணுக்காயில் வயலும் வீடுமாக இருக்கிறாள். நித்திரையிலும் கதைப்பாள் என்று அத்தான் சத்தியம் செய்வார். அத்தான் நேர் எதிர். ஒரு நாளைக்குரிய கதையெல்லாம் "ம்" என்ற ஒன்றிலேயே முடித்துவிடுவார்.

எனக்குச் சத்திரசிகிச்சை நடந்த அன்று அக்கா கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். மயக்கம் அரைகுறையாகத் தெளிந்து, மூக்கிலும் வாயிலும் இருந்த குழாயெல்லாம் அப்போதுதான் கழற்றியிருந்த நேரம், தாதி ஒருத்தி தொலைபேசியை என் காதில் வைத்தாள்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாதை. நான் அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சுப்போட்டன். நீ செய்வாய்தானே?"

"ஓம்" என்றேன். அந்த நேரம் என் சிறுநீரகத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். என்ன நேர்த்தி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலோ மொட்டையோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வைகாசி, கோயில் பொங்கலுக்கு வருகிறேன் என்று நான் பயணச்சீட்டு எடுத்தபிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"செடில் காவடி."

முதுகில் கொக்கிகளைக் குத்தி, அதில் கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, பறைக்கு ஆடிக்கொண்டு போகிற காவடி. இரத்தம் நிற்காத மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான நேர்த்தியை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. என் உயிரைக் காப்பாற்றுவதற்கு அக்கா கொடுத்த விலை, கட்டினால் என் உயிரை எடுத்துவிடும். மயக்கத்தில் சொன்ன ஓம் செல்லாது என்று சட்டம் பேசிப் பார்த்தேன். "உனக்குச் செல்லாட்டி என்ன, அம்மாளாச்சிக்குச் செல்லும்" என்றாள்.

இங்கெரிடம் பயணத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். செடிலை நோர்வேஜியனில் எப்படிச் சொல்வது? அவள் பயணத்துக்குரிய புத்திமதிகளையெல்லாம் சொன்னாள். குளிசையை இரண்டு பையில் பிரித்து வை. மெசினைக் கையோடு கொண்டு போ. விமானத்தில் அடிக்கடி எழுந்து நட. நான் நடந்தேன். நடந்த ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றவர்கள் பரிதாபப்பட்டு எனக்குக் கழிப்பறைக்கு வழி விட்டார்கள். மறுக்க வெட்கமாக இருந்ததால் உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

துணுக்காயில் இறங்கியதும் அக்கா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "இரத்தத்தைத் தண்ணியாக்கிற மருந்தாம். ஆர் கேட்டது? ஆளைப் பார், வெளிறிப்போய் நிக்கிறான்" என்றாள். அன்றிலிருந்து இரத்தம் ஊறுவதற்கான வைத்தியம் தொடங்கியது. காலையில் வல்லாரைச் சம்பல். மத்தியானம் முருங்கையிலை வறை. பின்னேரம் இலைக்கஞ்சி. இடையில் கும்பிட்டுக் கேட்டாலும் விடாத அகத்திச் சொதி. அக்காவோடு நின்றால் பரவாயில்லை. ஊரில் நான் போன எந்த வீட்டிலும் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. நெஞ்சு வருத்தக்காரனுக்கு இறைச்சி மீன் கூடாது என்று எல்லா வீட்டிலும் யோசித்து, எல்லா வீட்டிலும் கீரையே வைத்தார்கள். தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி யோசித்ததாக ஒவ்வொருவருக்கும் பெருமை. வேண்டாம் என்றால் வெளிநாட்டுக்காரனுக்கு எங்கள் சாப்பாடு இறங்கவில்லை என்ற கதை வரும். தின்றேன். சொன்னால் என்ன, நன்றாக ருசித்துத்தான் தின்றேன்.

மெசினில் எண் தலைகீழாக விழுந்தது. இங்கெர் உடனே கூப்பிட்டாள். "என்ன சாப்பிட்டாய்?" என்றாள். சொல்லத் தொடங்கினேன். இடையில் நிறுத்தி, "இதெல்லாம் ஒரே நாளிலா?" என்று கேட்டாள். பிறகு குளிசையின் அளவைக் கூட்டச் சொன்னாள். அக்காவைப் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினேன். கீரை கூடினால் வால்வு அடைக்கும், எந்நாளும் அளவாக, ஒரே அளவாகப் போட்டால் காணும் என்றேன்.

அக்காவுக்கு 'வால்வு அடைக்கும்' வரைதான் கேட்டது. முகம் கறுத்துப்போயிற்று. "ஐயோ, என்ர கையாலயே உனக்கு நஞ்சு வைச்சிருக்கிறன்" என்று நெஞ்சில் கைவைத்தாள். அளவாகப் போடுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். "அளந்து போட நான் என்ன சங்கக்கடையே நடத்துறன்?" என்றாள். அவளுக்கு இரண்டு அளவுதான் தெரியும், வாரிப் போடுவது, அடியோடு விடுவது. அடுத்த நாளிலிருந்து என் தட்டில் பச்சை என்ற நிறமே இல்லை. கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எடுத்தாள். ஊருக்கெல்லாம் அறிவித்தாள். நான் ஒழுங்கையால் போனால், "தம்பி கீரை கிட்டவும் வைக்கக்கூடாதாம்" என்று வேலிக்கு மேலால் எனக்கே செய்தி சொன்னார்கள்.

நேர்த்தி விடயத்தில் மட்டும் அசையவில்லை. பால்செம்பு எடுக்கிறேன் என்றேன். மாட்டேன் என்றாள். கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்யலாமோ என்று நானே யோசித்தேன். உருண்டால் உள்ளுக்குள் இரத்தம் கன்றி உடம்பு முழுக்க நீலம் பாரிக்கும். மொட்டை அடித்தால் சவரக்கத்தி. முடிவெட்டுகிறவரிடம் கேட்டதற்கு, விடயத்தைக் கேள்விப்பட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டார். கற்பூரச்சட்டி எடுக்கட்டுமா என்று கெஞ்சினேன்.

"அது பொம்பிளையள் எடுக்கிறது. அம்மாளாச்சி என்ன சந்தைக்காரியே, நீ பேரம் பேச? செடில் எண்டு சொன்னால் செடில்தான்."

"அக்கா, இரத்தம் நிக்காது."

"அம்மாளாச்சியின்ர கொக்கிக்கு ஆருக்கடா இரத்தம் வந்தது? இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம். ஒருத்தருக்கும் வரேல்லை. உனக்கு மட்டும் வருமோ?"

வரும் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். குத்தி, வந்துவிட்டால் விரதத்தில் பிழை என்று அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி நான்தான். செடில் குத்துகிற நாகேந்திரம் அண்ணை வேறு வீட்டுக்கு வந்து, என் சேட்டைக் கழற்றச் சொல்லி, முதுகுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "நல்ல பிடிப்பு இருக்கு. வெளிநாட்டுச் சாப்பாடு" என்று திருப்தியோடு போனார். அத்தான் மட்டும் ஒரு யோசனை சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வசனம் அதுவாக இருக்கவேண்டும்.

"குளிசையை ஒரு ரெண்டு மூண்டு நாளைக்கு நிப்பாட்டினால் என்ன?"

நிறுத்தினால் வால்வு அடைக்கலாம் என்றேன். "ம்" என்றார்.

சிரித்துச் சிரித்துச் சொல்கிறேனே தவிர, எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. அக்காவுக்கும் பயம். அவள் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்தது அதுதான். நேர்த்தி கட்டாமல் விட்டால் அம்மாளாச்சி தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவா என்று அவள் முழுதாக நம்பினாள். நான் கோயிலுக்குப் போகாமல் விடலாம். விமானம் ஏறலாம். பிறகு எனக்கு ஒரு தடிமன் வந்தாலும் இவள் இங்கே செத்துப் பிழைப்பாள். அப்படி ஒரு பயத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு அங்கே போய்ப் பாணும் சீஸும் தின்ன எனக்கு மனம் வரவில்லை. அவள் சந்தோசத்துக்காக ஒரேயொரு கொக்கி, சின்னதாக ஒன்று, என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். விசர்தான்.

கோயில் பொங்கலுக்கு முதல்நாள் காலை அக்கா தேசிக்காய் கேட்டாள். பின்வளவு எலுமிச்சை மரத்தில் நானே பிடுங்கப் போனேன். கிளையை இழுத்தபோது முள் ஒன்று புறங்கையை நீளமாகக் கீறிவிட்டது. சின்னக் காயம். ஊரில் இதற்கு எச்சில் தொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எனக்கோ வழியத் தொடங்கிய இரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. கீரையை அடியோடு நிறுத்தியதும் இங்கெர் குளிசையைக் கூட்டியதும் ஒன்றுசேர்ந்து எண்ணை எங்கேயோ ஏற்றிவிட்டிருக்கிறது.

அக்கா ஓடிவந்து கோப்பித்தூளை அள்ளி அப்பினாள். தூள் கரைந்து வழிந்தது. துவாயால் அமத்தினாள். துவாய் நனைந்தது. என்னைக் குசினி வாசலில் கதிரையில் இருத்தி, தான் நிலத்தில் இருந்து, என் கையை உயர்த்தித் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். முதலில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டாள், பிறகு முள்ளைப் பேசினாள், மரத்தைப் பேசினாள், மரத்தை நட்ட அத்தானைப் பேசினாள். பிறகு பேச்சு குறைந்து நின்றுபோயிற்று. அடுப்பில் பானை பொங்கி ஊற்றியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிண்டிட்டுது போல அக்கா. கையை எடுங்கோ."

"எடுக்கமாட்டன்" என்றாள். "மூத்தவனுக்கும் இப்பிடித்தான்ரா பொத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். பங்கருக்குள்ள. நிண்டிட்டுது எண்டு நினைச்சுத்தான் கையை எடுத்தனான்."

அவளுடைய மூத்த மகன் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுச் செத்தவன். எப்படிச் செத்தான் என்று இவ்வளவு காலமும் அவள் சொன்னதில்லை. தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைப்பவள், அதை மட்டும் கதைத்ததில்லை. நான் அந்த நேரம் நோர்வேயில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அழவில்லை, கையையும் எடுக்கவில்லை. அத்தான் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

அடுத்த நாள் விடியப் பொங்கலுக்குப் போகும்போது அக்கா என் செடிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் குளித்து, வேட்டி கட்டி, முதுகைத் திறந்துகொண்டு, ஆனது ஆகட்டும் என்று நின்றேன். கோயிலடியில் காவடிகள் வரிசை கட்டியிருந்தன. நாகேந்திரம் அண்ணை கொக்கிகளைத் தேசிக்காயில் துடைத்து எடுத்து, என்னைக் கண்டு வாய் நிறையச் சிரித்தார். அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"அண்ணை, எனக்குக் குத்துங்கோ. வாய் அலகு."

"உனக்கோ? தம்பிக்கெல்லோ நேர்த்தி."

"நேர்த்தி வைச்சது இந்த வாய். உவன் அண்டைக்கு மயக்கத்தில ஓமெண்டவன். அம்மாளாச்சிக்கு நான் சொல்லிப்போட்டன், உவன்ர தோலில ஒரு முள்ளும் படக்கூடாதெண்டு. கோவிக்கிறதெண்டால் என்னோட கோவிக்கட்டும்."

நான் வேண்டாம் என்று தடுத்தேன். அறுபது தாண்டிய மனுசி, சீனி வருத்தம் வேறு. என்னைத் தள்ளிவிட்டாள். அத்தான், "ம்" என்று என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். பறை உச்சத்துக்குப் போனது. வேப்பிலையும் திருநீறும் போட்டு, சின்ன வெள்ளி வேல் ஒன்று அக்காவின் ஒரு கன்னத்தால் ஏறி மறு கன்னத்தால் வெளியே வந்தது. அவள் கண்ணை மூடவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கற்பூரச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அக்கா நடக்கத் தொடங்கினாள். அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி நான். பின்னால் அத்தான் வேப்பிலையால் விசிறிக்கொண்டு. மத்தியான வெயிலில் மணல் காலைச் சுட்டது. பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அக்கா கதைக்காமல் என் பக்கத்தில் நடக்கிறாள். கிண்டல் அடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. அவள் காலடியில் கிடந்த கல்லைத் தட்டி ஒதுக்கிவிட்டு நடந்தேன்.

இடுப்பில் செருகியிருந்த கைத்தொலைபேசி அதிர்ந்தது. இங்கெர். அங்கே அப்போதுதான் கிளினிக் திறக்கிற நேரம். காலையில் நான் அனுப்பிய எண்ணைப் பார்த்திருக்கிறாள். எடுக்காவிட்டால் அம்புலன்ஸ் அனுப்பக்கூடியவள், எடுத்தேன்.

"உன் எண் மிக உயரத்தில் இருக்கிறது. எங்கே இருக்கிறாய்? அது என்ன சத்தம்?"

"கோயில். பறை" என்றேன்.

"எனக்குக் கேட்கவில்லை. நன்றாகக் கேள். எங்காவது இரத்தம் வருகிறதா?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னத்தையும் குனிந்து பார்த்தேன். வேல் ஏறிய இடத்தில் திருநீறு மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

"இல்லை. எங்கேயும் இல்லை" என்று நோர்வேஜியனில் கத்திச் சொன்னேன்.

"அப்படியானால் உடனே நிழலில் போய் உட்கார். நடக்காதே" என்றாள் இங்கெர்.

அந்நிய மொழி கேட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். ஆர் என்று புருவத்தால் கேட்டாள். பிறகு என் நெற்றி வியர்வையைக் கண்டு, கற்பூரச்சட்டியை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் வேப்பமர நிழலைக் காட்டி, போய் இரு என்று சைகை செய்தாள். ஏலாது என்று அக்காவுக்குத் தலையாட்டினேன். ஓம், நிழலில் இருக்கிறேன் என்று இங்கெருக்குச் சொன்னேன். தொலைபேசியைத் தோளால் காதோடு இடுக்கி, அக்காவின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடந்தேன்.